ஆங்கிலம் பாஸ், பேச்சு அரியர்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த ஆண்டு, 1857 செப்டம்பரில், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இரண்டும் அடுத்தடுத்து இந்தப் பக்கம் வந்தவை. ரயில் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. எந்த வண்டி ரேணிகுண்டா பக்கம் திரும்பும், எது காட்பாடிக்கு நேரே போகும், எது செங்கல்பட்டுக்குப் பிரியும் என்பதெல்லாம் அரக்கோணத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தோடு வந்த ஆங்கிலம் அப்படிச் சொந்தமாகவில்லை. பள்ளியில் பன்னிரண்டு வருஷம், கல்லூரியில் இரண்டு வருஷம் ஆங்கிலம் படித்துப் பாஸும் ஆன ஒரு பி.காம். மாணவர், நேர்முகத் தேர்வில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாமல் நிற்கிறார். எல்லோரும் அப்படியில்லை, ஆனால் நிற்பவர்கள் நிறையப் பேர். இது ஏன் என்று அரக்கோணத்திலிருந்தும், சென்னை, யாழ்ப்பாணம் வரை போயும் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரின் அமைப்பு. அரக்கோணம் 2019 நவம்பரில் உருவான ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கலைக் கல்லூரிகளுக்குச் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம். பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருத்தணி, திருவள்ளூர் மாவட்டம்; அங்கே உள்ள அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஒரே ரயிலில் வரும் அண்ணனும் தங்கையும் இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்தைப் படிக்கலாம். பாடப் புத்தகம் மாறும். படிக்கும் விதம் மாறாது.

திருத்தணி வட்டாரத்துக்கு ஆங்கிலம் ஒருபோதும் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1888இல் அங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வீட்டில் பேசியது தெலுங்கு. படித்தது திருத்தணி, திருப்பதி, வேலூர் ஊரீசு கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அந்த ஆங்கிலத்தோடுதான் 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைக் காட்டி இன்றைய மாணவரைக் குறைசொல்வது நியாயமில்லை. அன்று கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஒரு கைப்பிடி. கணக்கும் சரித்திரமும் தத்துவமும் அவர்களுக்கு ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆங்கிலம் அவர்களுக்கு நாள் முழுவதும் புழங்கும் மொழி. இன்றைக்கு அது வாரத்தில் சில பீரியடு.

அதே ராதாகிருஷ்ணன்தான் 1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவர். பயிற்றுமொழியாக ஆங்கிலம் விலகி இந்திய மொழி வரட்டும், ஆனால் உலகத்தில் வளரும் அறிவோடு தொடர்பு அறாமலிருக்கப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலம் படிக்கப்படட்டும் என்பது அந்தக் குழுவின் நிலை. 1964-66இன் கோத்தாரிக் குழு இதை இன்னும் கூர்மையாக்கி, ஆங்கிலத்தை நூலக மொழியாக, அதாவது படித்து அறிவதற்கான மொழியாகப் பார்த்தது. அந்தக் குறிக்கோள் இன்றுவரை எழுத்தளவில் யாரும் ரத்து செய்யாதது. ஆனால் நடைமுறையில், நூலகத்துக்குப் போய்த் தன் பாடத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் படிக்கும் திறமை, பட்டப்படிப்பில் மேஜர் எதுவானாலும் படிக்கும் பார்ட் டூ ஆங்கிலத்தால் வருகிறதா என்று எந்தத் தேர்வும் சோதிப்பதில்லை.

ஆங்கிலம் நமக்கு இரண்டாம் மொழியா, அயல்மொழியா என்பதில் ஒரு பழைய வாதம் உண்டு. மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985இல் உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்தபோது, இந்தியாவை நடு வட்டத்தில் வைத்தார்: தாய்மொழி இல்லை, ஆனால் ஆட்சி, நீதிமன்றம், கல்வி என்று உள்ளுக்குள் புழங்கும் மொழி. நாடு என்று பார்த்தால் சரி. அந்த வட்டத்தின் கோடு ஒரு மாநிலத்துக்குள்ளேயே குறுக்கே ஓடுகிறது என்பதை அந்தப் படம் காட்டாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் வளர்ந்த பெண்ணுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அரக்கோணத்துக்கு வெளியே ஒரு கிராமத்திலிருந்து பஸ் பாஸில் கல்லூரி வரும் பையனுக்கு அது பெயர்ப்பலகையிலும் மருந்துச் சீட்டிலும் பார்க்கிற மொழி. யாரும் அவனோடு அதில் பேசியதில்லை, அவனும் யாரோடும் பேசியதில்லை. அவனுக்கு அது அயல்மொழி. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், மூன்றாவதாகத்தான் ஆங்கிலம். 2006இன் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் தமிழையும் முறையாக எழுதப் படிக்கிறார்கள். இரண்டு மொழியைச் சுமந்து வரும் பிள்ளைக்கு மூன்றாவது கஷ்டம் என்று ஆசிரியர் அறைகளில் பேசிக்கொள்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சந்தையில் வாங்குபவர் முகம் பார்த்துத் தமிழுக்கும் தெலுங்குக்கும் மாறத் தெரிந்த பிள்ளைக்கு மொழி மாறுவது பழக்கமான வேலை. அந்தப் பழக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வகுப்பறையில் ஆளில்லை.

நேரம் போதவில்லையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளியில் வருஷத்துக்கு 200 நாள், நாளுக்கு நாற்பது நிமிஷம் ஆங்கிலம் என்று வைத்தால் பன்னிரண்டு வருஷத்தில் 1600 மணி நேரம். சரளமாக உரையாடி, ஓர் அறிக்கையைப் படித்துப் புரிந்து, கடிதம் எழுதும் நிலைக்குப் பயிற்சியோடு சுமார் 500 முதல் 600 மணி நேரம் போதும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. அது வேறு சூழலுக்குச் சொன்ன கணக்கு, நம் வகுப்பின் கூட்டம் வேறு என்று பாதியாகத் தள்ளினாலும் நம்மிடம் மிச்சம் இருக்கிறது. அதற்கு மேல்தான் கல்லூரியின் நான்கு செமஸ்டர்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? மதிய ஷிப்டில் முதலாண்டு பார்ட் டூ வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை, எந்த ஊரிலும் பார்க்கலாம். இரண்டு மேஜர் சேர்த்து எழுபது பேர். ஆசிரியர் உரைநடைப் பாடத்தில் ஒரு வாக்கியம் வாசிக்கிறார், தமிழில் பொருள் சொல்கிறார், அடுத்த வாக்கியம். மாணவர்களின் புத்தகத்தில் ஒவ்வொரு கடினச் சொல்லின் தலைக்கு மேலும் பென்சிலில் தமிழ். முதல் பக்கம் பென்சிலால் நிறைந்திருக்கும், மூன்றாவது பக்கத்தில் குறையும், ஐந்தாவது பக்கம் அச்சடித்தபடியே வெள்ளையாக இருக்கும். பீரியடு முடியும்போது கதை புரிந்திருக்கும். வகுப்பில் எந்த மாணவரும் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொந்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு கைடு வரும். கதாபாத்திரம் பற்றிய பத்து மார்க் கேள்விக்கு விடை ஒன்றரைப் பக்கம். அதை நெட்டுருப் போட்டவர் பாஸ், போடாதவர் அரியர்.

ஆசிரியரைக் குற்றம் சொல்வது எளிது. அவர் எம்.ஏ.வில் படித்தது சாசரிலிருந்து எலியட் வரை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட், செட் தேர்வுகளிலும் பெரும்பகுதி இலக்கியம்தான். பள்ளி ஆசிரியருக்கு பி.எட். கட்டாயம், கல்லூரியில் கற்பிக்க அப்படி ஒரு பயிற்சி கேட்பதில்லை. மொழியைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. அரசுக் கல்லூரிகளில் அவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர் வேறு. அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்ற யோசனையில் இருப்பவர்.

பயிற்சி கொடுக்கும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1959இல் சென்னை மாநிலத்தில் ஆரம்ப நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தரும் பிரம்மாண்டமான திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற சிலர் பலருக்குப் பயிற்சி தர, அவர்கள் இன்னும் பலருக்குத் தர வேண்டும் என்ற ஏற்பாடு. உலக ஆங்கிலக் கல்வி ஏடுகளில் அன்று பேசப்பட்ட இந்தத் திட்டம், வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. நாளடைவில் 'திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ புக்' என்று கோரஸாகச் சொல்லும் வகுப்பாகத் தேய்ந்தது. அந்தக் கோரஸ் நம் தலைமுறை வரை வந்தது.

அதற்கு மாற்று தேடியவர் என்.எஸ்.பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலின் அதிகாரியாகச் சென்னையில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை உலக ஆங்கிலக் கல்வி வரலாற்றில் பெங்களூரு திட்டம் என்ற பெயரில் நிலைத்துவிட்டது. அவர் கருத்து எளிமையானது: மாணவரின் கவனம் மொழி மேல் இல்லாமல் ஒரு காரியத்தை முடிப்பதில் இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே படிகிறது. ஆகவே இலக்கணப் பாடம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. வரைபடம், விலைப்பட்டியல், ரயில் அட்டவணை இவற்றை வைத்துக் கணக்குப் போல யோசித்து விடை காணும் வேலைகள். முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் கேள்வி பதிலாக ஒரு வேலையைச் செய்து முடிப்பார். அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்வார்கள். திருத்தி மார்க் போடுவார். குழுவாகப் பிரித்து மாணவர்களைத் தங்களுக்குள் பேசவிடும் மேல்நாட்டு வழக்கத்தை பிரபு வேண்டுமென்றே ஒதுக்கினார். பெஞ்சைத் திருப்பிப் போட இடமில்லாத நம் வகுப்புக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று பாருங்கள்.

அரக்கோணத்துக்கு இதைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? கரும்பலகையில் ஓர் அட்டவணை: திருத்தணியிலிருந்து வரும் வண்டிகள், அரக்கோணத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் வண்டிகள். காட்பாடியில் பதினொரு மணிக்கு நேர்முகத் தேர்வு. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிஷம். எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? அது அரை மணி தாமதமானால்? அரக்கோணத்தில் பிளாட்பாரம் மாறப் பத்து நிமிஷம் போதுமா? கேள்வியெல்லாம் ஆங்கிலத்தில், பதிலும் ஆங்கிலத்தில். தினமும் இந்தக் கணக்கை மனத்தில் போடும் பிள்ளைகள் என்பதால் விஷயம் தெரியும். மொழியை மட்டும் தேடினால் போதும். 'அந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடாது சார்' என்று பின் பெஞ்சில் ஒருவர் ஆசிரியரையே திருத்துவார். அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது.

பிரபுவின் திட்டத்தை இரண்டு வெளி ஆய்வாளர்கள் மதிப்பிட்டு 1985இல் எழுதினார்கள். வாக்கிய அமைப்பைச் சோதிக்கும் தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். மொழியைப் பயன்படுத்தும் தேர்வுகளில் திட்ட மாணவர்கள் முந்தினார்கள். எதைக் கேட்கிறோமோ அது வருகிறது என்று இதைப் படிக்கலாம். உலகெங்கும் இன்று 'டாஸ்க்' முறை என்று பயிற்சி வகுப்புகளில் பேசப்படுவதற்கு இந்தச் சென்னை, கடலூர் வகுப்புகள் ஒரு தொடக்கம். நம் கலைக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் அதன் சாயல்கூட இல்லை என்பது வேடிக்கையா வேதனையா தெரியவில்லை.

புதிய முறையைக் கொண்டுவந்தால் மாணவர்கள் கைதட்டி வரவேற்பார்கள் என்று நினைக்கவும் கூடாது. இதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சாட்சி. போர்க்காலத்தில் அங்கே ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, முதலாண்டு மாணவர்கள் 22 பேரின் வகுப்பைத் தொடர்ந்து கவனித்து 1993இல் எழுதினார். பிறகு 1999இல் புத்தகமாக விரித்தார். அங்கே பாடநூல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதில் வரும் வாழ்க்கைக்கும் குண்டுச் சத்தத்துக்கு நடுவே வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வாழ்க்கைக்கும் எட்டாத தூரம். மாணவர்கள் அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் என்ன எழுதினார்கள், என்ன வரைந்தார்கள் என்று கனகராஜா பார்த்தார். சினிமாவும் காதலும் போராட்டமும் அந்த ஓரங்களில் இருந்தன. புத்தகத்தின் பாத்திரங்களுக்கே வேட்டி சேலை கட்டிவிட்ட மாதிரி ஒரு மறுபதிப்பு. ஆனால் ஆசிரியர் உரையாடல், செயல்பாடு என்று போனபோது அதே மாணவர்கள் இலக்கணமும் நோட்ஸும் கேட்டார்கள். தேர்வில் பாஸாக அதுதான் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களை மந்தமானவர்கள் என்று சொல்ல முடியுமா? தங்களுக்கு எது பயன் என்று சரியாகக் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அரக்கோணத்தில் கைடு வாங்கும் பிள்ளையும் அதே கணக்கைத்தான் போடுகிறது.

ஆக, எல்லா வழியும் தேர்வில் வந்து முட்டுகிறது. நம் கலைக் கல்லூரிகளின் வழக்கமான அமைப்பு: 25 மார்க் அக மதிப்பீடு, 75 மார்க் பல்கலைக்கழகத் தேர்வு, மூன்று மணி நேரம், கேள்விகள் நடத்திய பாடத்திலிருந்து. அந்த 75இல் பேச்சுக்கும் கேட்டலுக்கும் ஒரு மார்க்கும் கிடையாது. இலக்கியம் வேண்டாம், பேச்சு ஆங்கிலம் வேண்டும் என்ற குரலுக்கு இணங்கி வங்கியில் உரையாடல், விமான நிலையத்தில் உரையாடல் என்று புத்தகம் மாறிய காலமும் வந்தது. கைடு போடுபவர்கள் அசரவில்லை. உரையாடலையும் அச்சிட்டார்கள், மாணவர்கள் அதையும் மனப்பாடம் செய்தார்கள். பாவம், விமான நிலையத்தையே பார்க்காத பிள்ளை அங்கே நடக்கும் உரையாடலை எழுதிப் பத்து மார்க் வாங்குகிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் 'செல்ஃப் இன்ட்ரோ'வும் இதே வார்ப்பு: பெயர், ஊர், அப்பா வேலை, பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. யார் பாட்டு பிடிக்கும் என்று எதிரே இருப்பவர் கேட்டால் அங்கே நின்றுவிடும். அது மனப்பாடத்தில் இல்லை.

பொறியியல் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் முதலாண்டில் ஆங்கிலத்துக்கு ஆய்வக வகுப்பு தனித் தாளாக வந்துவிட்டது. அரசும் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சியைச் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் பட்டப்படிப்பின் பார்ட் டூ ஒரு பக்கம், பேச்சுப் பயிற்சி வேறொரு பக்கம் என்று இரண்டு ஆங்கிலம் ஓடுவது எனக்கு விளங்கவில்லை. மார்க் வரும் ஆங்கிலத்துக்குப் படிப்பார்கள், மற்றதற்கு வருகைப்பதிவு கொடுப்பார்கள்.

தேர்வை மாற்றினால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் இலங்கையில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே பள்ளிப் பொதுத் தேர்வான சாதாரண தரத் தேர்வில் 1988 வாக்கில் ஆங்கில வினாத்தாளை அடியோடு மாற்றினார்கள். அதன் விளைவை ஆராய்ந்த டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் இருவரும் 1993இல் எழுதியது கவனிக்க வேண்டியது: ஆசிரியர்கள் எதைக் கற்பிக்கிறார்கள் என்பது மாறியது, எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பது மாறவில்லை. புதுக் கேள்வியையும் பழைய விதமாகவே நடத்தினார்கள், வேறு விதம் அவர்களுக்குத் தெரியாததால். தேர்வும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து மாற வேண்டும். தேர்வு மாறாமல் பயிற்சி கொடுத்தால் 1959 மாதிரி ஆகும்.

இதற்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2012-13, 2013-14 கல்வியாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாயின. அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இப்போதுதான் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வருகிறார்கள். பன்னிரண்டு வருஷம் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளையும், தமிழ் வழியில் படித்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஒரே பார்ட் டூ பாடத்தைக் கேட்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவருக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் அந்தப் பிரிவு காலியாகிவிடாது. ஆகக் கூடாது என்பதே என் எண்ணமும். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சிறு தேர்வு வைத்து இரண்டு நிலையாகப் பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் சில தன்னாட்சிக் கல்லூரிகளில் உண்டு. 'பி' பிரிவு என்று பெயர் வைத்து அவமானப்படுத்தாமல் செய்தால் அது எல்லாக் கல்லூரிக்கும் ஏற்றது.

செல்போனையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எழுதி வரச் சொல்லும் அசைன்மென்டை இன்று செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. அக மதிப்பீட்டின் 25 மார்க்கில் அந்தப் பகுதிக்கு அர்த்தம் போய்விட்டது. அதே போன், தன் குரலைத் தானே பதிந்து கேட்கவும், கூச்சமில்லாமல் தப்பாகப் பேசிப் பழகவும் உதவுகிறது. சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்களே என்ற பயம்தான் நம் வகுப்பில் வாயைக் கட்டுவது, போன் சிரிக்காது.

என் யோசனை இது. திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் பார்ட் டூவின் 75 மார்க்கை மூன்றாகப் பிரிக்கட்டும். 25 மார்க்குக்கு மாணவரின் மேஜர் பாடத்தைச் சேர்ந்த, முன்பு பார்த்திராத ஒரு பகுதியைப் படித்துப் பதில் எழுதுவது. இன்னொரு 25க்கு எழுத்து, அதில் இலக்கியமும் இருக்கட்டும். மூன்றாவது 25க்கு வெளித் தேர்வாளர் முன் ஐந்து நிமிஷப் பேச்சு. அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம், ஒரு வகுப்புக்கு ஒரு நாள். இயற்பியல் பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறார், அதற்கு விடைத்தாள் கட்டு, பயணப்படி என்று ஏற்பாடெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. பிராக்டிகலில் மார்க்கை அள்ளிப் போடுவதுபோல இதிலும் போடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். போடட்டும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவாவது செமஸ்டர் முழுவதும் வகுப்பில் மாணவர் வாய் திறக்க வேண்டிவரும். கூடவே, தேர்வு மாறும் வருஷத்தின் விடுமுறையில் கௌரவ விரிவுரையாளர் உட்பட எல்லா ஆங்கில ஆசிரியருக்கும் சம்பளத்தோடு இரண்டு வாரப் பயிற்சி. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களில் பலர் இதே வகுப்பறைகளில் கற்பிப்பவர்கள். அடுத்த கூட்டத்தில் எந்தக் கவிதையை நீக்குவது, எதைச் சேர்ப்பது என்ற பேச்சுக்கு முன்னால் வினாத்தாளை எடுத்து மேஜைமேல் வையுங்கள்.